நாகூர்ச் சூரியன்

இன்னும் கூப்பிடவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததுதான். எதிரே கம்ப்யூட்டர், கைக்குப் பக்கத்தில் செல்போன், இரண்டும் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் வருவதற்குள் பேசுகிறேன் பாய் என்றார் அந்த முத்தவல்லி. ராஜா முகமது ராவுத்தராம். காலையில் பேசும்போதே குரலில் ஜமாஅத் தலைவருக்கு உரிய கனம். ஒரே ஒரு கேள்விதான், ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் போதும் என்றார். அதை அப்போதே கேட்டுத் தொலைத்திருக்கலாம். கமிட்டி ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வேண்டுமாம். ஒரு வார்த்தைக்கு நாலு சாட்சி. கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். தப்பு நிரலிலா, மோதினாரிடமா. பதிலும் தெரியும். நிரல் சரி. ஆள் தவறு. இதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு. என் 'வக்து' நிரல் இத்தனை வருஷத்தில் பிசகியதில்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, இரண்டே எண், அதைக் கொடுத்தால் அந்த ஊரில் சூரியன் எப்போது எழும், எப்போது சாயும், ஐந்து வேளைத் தொழுகைக்கு எது நேரம், நோன்பு எப்போது பிடிக்க, எப்போது திறக்க, வருஷம் முழுவதற்கும் அட்டவணை போட்டுத் தரும். இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். காசு கேட்டதில்லை, நன்றி கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான், படித்துவிட்டு ஓட்டு. உதவி என்று நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். நாலாவது வரி மாதிரிக் கட்டளை. அதில் இருக்கும் எண்கள் நாகூருடையவை, ஏனென்றால் நான் இருப்பது நாகூர். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற அந்த மோதினார் சிக்கந்தர் பாட்சா, மேற்கே தேனிக்கும் அப்பால் மலையடி ஊர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, நாலாவது வரியை அப்படியே தட்டியிருக்கிறார். எங்கள் ஊர்ச் சூரியனைக் கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டார். இங்கே பொழுது சாய்ந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் அங்கே சாயும். அது சூரியனுடைய குற்றமில்லை. ரமலான் பிறந்து பாதி மாசம், ஊரே பொழுது சாயுமுன் பேரீச்சம்பழத்தைக் கடித்திருக்கிறது. அத்தனை நோன்பும் போச்சு. தள்ளாத கிழவியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவன் வரைக்கும் எல்லாரும் திரும்பப் பிடித்து அடைக்க வேண்டும். இன்று ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்ததும் கூட்டம். மோதினாரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா. அனுப்பினால் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை அறையும் போகும். பெண்டாட்டி, மூன்று பெண் பிள்ளைகள். என் ஒரு வார்த்தையை வைத்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்களாம். நான் என்ன காஜியா.

தொண்டை காய்கிறது. கீழே ஜுலைகா நோன்பு திறக்க வாடா சுடுவதற்கு எண்ணெய் வைத்துவிட்டாள், இறால் வாசனை ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறி வருகிறது. இந்த நேரத்து மூளை செக்கு மாடு, ஒன்றையே சுற்றும். நிரல் சரி, ஆள் தவறு, நிரல் சரி, ஆள் தவறு. அந்த ஆள் கூப்பிட்டானா என்று கீழேயிருந்து கேட்டாள். இல்லை என்றேன். கேட்டதற்கு மேல் சொல்லும் வழக்கம் எனக்கில்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளும் எதிர்பார்த்ததில்லை. பாதி மாசம் ஒருத்தன்கூடவா வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று முத்தவல்லியைக் காலையில் கேட்டேன். பார்த்தோம் பாய், சூரியன் இல்லையே என்றார். மலை. மேற்கே முழுக்க மலை. சாயங்காலம் பாதியிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், ஊர் நிழலில் கிடக்கும், ஆடு மாடெல்லாம் வீடு திரும்பும். இவர்களும் திரும்பியிருக்கிறார்கள். மலைக்குப் பின்னால் போனால் அஸ்தமனமா. நான் கதவுக்குப் பின்னால் போனால் மௌத்தா. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பாங்கு தினமும் பிந்தியே கேட்டிருக்கிறது. இவர்கள் கஞ்சியைக் குடித்து வாயைத் துடைக்கும்போது அங்கே பாங்கு. அந்த ஊர்க்காரன் கல்யாணப் பந்திக்கே பிந்தித்தான் வருவான் என்று சிரித்திருக்கிறார்கள். கடைசியில் நோன்பு விருந்துக்கு வந்த வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தனின் செல்போன், அவன் மூன்றாவது வடையை மெல்லும்போது சட்டைப்பைக்குள்ளிருந்து பாங்கு சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளை போன் பழுது என்றார்களாம். அதற்கும் சிரிப்பு. மறுநாள் அவன் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு நோன்பு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் தொழவைக்கிற ஊர் அஜ்ரத் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். ஒரு விஷயத்தில் தப்பித்தார்கள். நோன்பு பிடிக்கிற சஹர் நேரத்தில் விடிவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வாயை மூடியிருக்கிறார்கள். காலையில் தேவைக்கு மேல் பேணுதல், மாலையில் எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. ஒரே பிழை, ஒரு முனையில் நன்மை, இன்னொரு முனையில் நாசம். இதை ஓர் உதவிக் கோப்பில் எப்படி எழுதுவது. எழுதினாலும் எவன் படிப்பான்.

படிக்க மாட்டான். எனக்கு வருகிற புகார்களைப் பார்த்தால் போதும், மனித குலத்தைப் பற்றி வேறு சாட்சியம் வேண்டாம். 'வேலை செய்யவில்லை.' அவ்வளவுதான், முழுக் கடிதமும் அதுதான். எது செய்யவில்லை, என்ன செய்தாய், என்ன சொன்னது, ஒன்றும் கிடையாது, வைத்தியரிடம் போய் 'உடம்பு' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி. இன்னொருத்தன் கம்ப்யூட்டர் திரையைச் செல்போனால் படம் பிடித்து அனுப்பினான், பாதிப் படத்தில் அவன் கட்டைவிரல், மீதியில் டியூப்லைட். ஒருத்தர் அட்டவணையை அச்சடித்துக் கூரியரில் அனுப்பச் சொன்னார், அதையும் இரண்டு பிரதி. ஒருத்தி சூரியனைக் கணக்குப் போடுவது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று கேட்டாள். இந்தக் கூட்டத்துக்காகத்தான் தாஹிரா கையேடு எழுதியிருக்கிறாள். தாஹிரா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வாத்தியார், சில வருஷமாக 'வக்து'வில் என்னோடு வேலை செய்கிறாள், நல்ல மூளை, நிரல் எழுதினால் கத்தி மாதிரி இருக்கும். மனிதர்களைப் பார்த்ததும் பாகாக உருகிவிடுகிறாள். நாற்பது பக்கம். புதியவர்களுக்கான வழிகாட்டி. இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார் என்று அனுப்பி ஒரு மாசம் ஆகிறது, சேர்க்கவுமில்லை தள்ளவுமில்லை, இந்தத் திரையில்தான் கிடக்கிறது. முதல் பக்கத்தில் 'வாருங்கள் நண்பரே, பயப்பட வேண்டாம்.' யார் பயந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் மூச்சை இழுத்து விடச் சொல்கிறாள். பிரசவ ஆஸ்பத்திரியா இது. மூன்றாம் பக்கத்தில் சிரிக்கிற சூரியன், அதற்குக் கறுப்புக் கண்ணாடி. சூரியனுக்கே கூசுகிறது போலிருக்கிறது. எண்டர் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் எதற்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான், எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாமே. சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும்போது மரியாதை கூடிவிடும். நீங்க எழுதின நாலு வரி நீங்க உங்களுக்கே எழுதிக்கிட்டது சார், தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றது உதவி இல்ல, குசலம் விசாரிக்கிறது என்றாள். நீங்க இதைச் சேர்க்கலைன்னா நான் மொத்தத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் போய் வேற பேர்ல நடத்திக்கிறேன் சார் என்றாள். எடுத்துக்கொண்டு போ. அனுமதி கேட்கவே வேண்டாம், அதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறது. எனக்கு யார் கையேடு எழுதினார்கள். நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புதுப் பெட்டி வந்து இறங்கியபோது கூடவே தலையணை மாதிரி ஒரு புத்தகம் வந்தது, பாதிப் பக்கம் ஜெர்மன்காரன் இங்கிலீஷ், நண்பரே என்று ஓரிடத்தில்கூட இல்லை. நானே உட்கார்ந்து, நானே திட்டி, நானே படித்தேன். மூன்று மாசம் ஜபல்பூரில் பயிற்சிக்கு அனுப்பினார்கள், சாப்பாடு, படி, கட்டில் எல்லாம் கொடுத்து ஒரு சர்தார்ஜி பொத்தான் பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தார். அது வேறு. அது இலாகா.

அது வேறு. போனை எடுத்துப் பார்த்தேன், கூப்பிட்டுத் தவறிவிட்டதோ என்று. இல்லை. சிக்கந்தர் பாட்சாவின் குரல் செய்திதான் மேலே நிற்கிறது, விடிகாலை சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு அனுப்பியது. ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை, மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பாங்கு சொல்கிற தொண்டை, எதைச் சொன்னாலும் நீட்டி முழக்காமல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறது. எனக்காகப் பேசுங்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் அப்போதே நிறுத்தித் தொலைத்திருப்பேன். சலாம் சொல்லிவிட்டு, "பாய், நான் அவசரத்துல தட்டினேன், கவனமில்லாம தட்டினேன்னு ஊர்ல சொல்றாங்க. அதை மட்டும் நீங்க நம்பக் கூடாது. எழுத்துக்கு எழுத்து விரல் வச்சுப் பார்த்துத்தான் அடிச்சேன். நீங்க எழுதினதுல ஒரு புள்ளிகூட நான் மாத்தலை" என்றார். அவ்வளவுதான். காலையில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புள்ளிகூட மாற்றவில்லையாம், அதைத்தானடா மாற்றியிருக்க வேண்டும், அந்தத் தசமப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற எண்தான் ஊர். குற்றத்தைச் சான்றிதழ் மாதிரி எடுத்து நீட்டுகிறார் மனுஷன். சிரித்தேன். அப்புறம் பல் துலக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றது, ஏன் என்று தெரியவில்லை, மத்தியானம் லுஹர் வரைக்கும் தெரியவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டது, சட்டை ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும். ஒரு புள்ளிகூட. எங்கள் மதரசாவில் ஓதிக்கொடுக்கிற லெப்பை ஒருத்தர் இருந்தார், கையில் ஈர்க்குக் கத்தை. நான் குர்ஆனை என் குரலில் கொஞ்சம் நீட்டி ஓதினேன், ஜோடித்து, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. காலில் இரண்டு விழுந்தது. உன் இஷ்டத்துக்கு ஓத இது உன் வாப்பா எழுதினதா என்றார். ஒரு குறிலை நெடிலாக்கினால் பொருள் புரண்டுவிடும், பொருள் தெரியாதவன் கையை வைக்காதே, இருக்கிறதை இருக்கிறபடி சொல், அதுதான் அதபு, அதுதான் ஒழுக்கம். எங்களில் ஒருத்தனுக்கும் பொருள் தெரியாது. ஓதினோம். இன்றைக்கும் தெரியாத இடத்தில் அப்படித்தான் ஓதுகிறேன், புரியாத எழுத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு. சிக்கந்தரும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். அவர் பிழைப்பே அது, தினம் ஐந்து வேளை, மாற்றாமல் சொல்வது. அந்த ஆள் என் நாலாவது வரிக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கிறார். புரியவில்லை, ஆகவே கை வைக்கவில்லை. தொழுகைக்கு மாதிரி கை கால் கழுவி ஒளூ செய்துவிட்டுக்கூட உட்கார்ந்திருப்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், முட்டாள்தனம் என்று நினைத்தேன். மரியாதை. எனக்கு, என் நாலாவது வரிக்கு, மரியாதை. இருபது வருஷமாக எவனும் காட்டாத மரியாதை, அதைக் காட்டி ஓர் ஊரின் நோன்பைக் கெடுத்துவிட்டார். மரியாதை எவன் கேட்டான். அதில் கையை வை, உடை, மாற்று, அதற்குத்தானே மாதிரி என்று பெயர். மாதிரி என்றால் மாற்றுவது. அது எங்கே எழுதியிருக்கிறது. நிரல் எழுதுகிற எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கே எழுதியிருக்கிறது. எழுத வேண்டியதில்லை, தெரியும். எழுதவில்லை.

சரி, தாஹிரா எழுதியிருப்பாள், நாற்பது பக்கத்தில் எங்கேயாவது இருக்கும் என்று கையேட்டைத் திறந்தேன். மூச்சு விடுகிற பக்கத்தைத் தாண்டி, கறுப்புக் கண்ணாடியைத் தாண்டி, எண்டர் அம்பைத் தாண்டி. பதினோராம் பக்கத்தில் மாதிரிக் கட்டளை, பச்சைக் கட்டத்துக்குள், பெரிய எழுத்தில். அதற்கு மேலே 'இதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், அவ்வளவுதான்.' உள்ளே கோயம்புத்தூரின் எண்கள். நான் நாகூரை ஊரெல்லாம் அனுப்பினேன், இவள் கோயம்புத்தூரை அனுப்பப் போகிறாள், சிரிக்கிற சூரியனோடு. எந்த எண் ஊர், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது, ஒரு வரி இல்லை. ஊர் மாற்றுவது பற்றி முப்பத்து நாலாம் பக்கத்தில் வருகிறது, 'மேலும் ஆர்வமுள்ளவர்களுக்கு' என்ற தலைப்பில். ஆர்வம். ஊர் இருக்கிற இடம் ஆர்வமாம். நாலு வரிக்காரனும் சொல்லவில்லை, நாற்பது பக்கக்காரியும் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், தெரிந்தது கண்ணில் படாது. இரண்டு பேரும் தலையில் அறைந்துகொள்ள வேண்டியவர்கள். ஒரு கணம் அவளைப் போனில் பிடித்து உன் 'பயப்பட வேண்டாம் நண்பரே' பதினோராம் பக்கத்தில் என்ன செய்கிறது பார் என்று சொல்லலாமா என்று கை போனது, எனக்கு அதில் ஒரு சுகம் இருந்திருக்கும். லைனைப் பிடித்துவைத்தால் முத்தவல்லிக்குக் கிடைக்காது. விட்டேன். விட்டதும் வேறொன்று வந்து ஏறிக்கொண்டது, மத்தியானம் முழுக்க நான் ஒதுக்கி ஒதுக்கி வைத்தது. இன்னும் எத்தனை ஊர். எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு போனவர்கள் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, நான் வைக்கச் சொல்லவுமில்லை, அது என் கொள்கை, அதில் எனக்குப் பெருமைகூட. பினாங்கில் ஒருத்தன் நாலாவது வரியைத் தட்டியிருந்தால் கவலையில்லை, வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே மஃரிப் வரும், அவனே துப்பிவிடுவான். தூரமாக இருந்தால் தப்பு பல்லை இளிக்கும். பக்கத்தில் இருந்தால்தான் தெரியாது. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம், பத்து நிமிஷம். திருச்சிக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல், பழநி, பொள்ளாச்சி, தென்காசி, மலை இருக்கிற ஊர், மேகம் மூடுகிற ஊர், பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்துச் சிரிக்கிற ஊர். எங்கேயோ ஒரு மோதினார் விரல் வைத்துப் பார்த்து, புள்ளிகூட மாற்றாமல். இந்த நிமிஷம் அங்கேயும் ஒரு பாத்திரத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். எழுதிச் சேர்க்கலாம், ஐந்தாவதாக ஒரு வரி, இது என் ஊர், உன் ஊர் அல்ல என்று. இன்றைக்கே சேர்க்கலாம். யாருக்கு. இனிமேல் வருகிறவனுக்கு. எடுத்துப் போனவன் திரும்பி வந்து உதவிக் கோப்பைப் படிப்பானா. அவனுக்குத்தான் ஓடுகிறதே. ஓடுகிற எதையும் எவனும் திரும்பிப் படிப்பதில்லை, நானே படிப்பதில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கின் தலையில் மட்டும் நின்றது. ஜுலைகா தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சலாம், பதில் சலாம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் பாய், நாலு பேர் இருக்கிறோம் என்றார் முத்தவல்லி. யாரோ இருமினார்கள். மோதினார் இருக்கிறாரா என்று கேட்டேன். பள்ளிவாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாராம், கூப்பிடவா என்றார். வேண்டாம் என்றேன்.

"ஒரே கேள்விதான் பாய். தப்பு உங்க நிரல்லயா, எங்க மோதினார்கிட்டயா?"

நிரல் சரி. இத்தனை வருஷம் அது சரி. அதன் கணக்கில் ஒரு நொடிகூடத் தப்பில்லை, கேட்டது நாகூர், கொடுத்தது நாகூர். இதைச் சொன்னால் பொய்யில்லை. நோன்பு வாயோடு பொய் சொல்கிறவன் நானில்லை, ஆகவே இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சரியாக இருந்துகொண்டே ஓர் ஊரைப் பொழுது சாயுமுன் தின்ன வைக்கிற சரி என்ன சரி. எந்த ஊர் என்று ஒரு தடவை திருப்பிக் கேட்க அதற்கு வாயில்லை, நான் வைக்கவில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு போகிற நாலு வரியும் என் கையெழுத்துத்தான், அதை மட்டும் நிரல் இல்லை என்று எப்படிக் கழற்றி வைப்பது. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் தவறு, சொன்னவன் சரி, இதையா நாலு சாட்சி வைத்துச் சொல்ல. பாய், லைன்ல இருக்கீங்களா என்றார்.

"நிரல்ல தப்பு" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ, பார்த்தீங்களா நான் அப்பவே சொன்னேன் என்றார். முத்தவல்லி அவரை அதட்டினார்.

"என்ன தப்பு பாய்? கூட்டத்துல கேப்பாங்க."

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

"கொஞ்சம் எளிமையா, எங்கள மாதிரி ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன். ஆரம்பத்துலேருந்து வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. ஆரம்பத்திலிருந்து எளிமையாகச் சொன்னால், இரண்டு எண், ஊருக்கு ஊர் மாறும், அவர் மாற்றவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் மோதினார் வெளியே நிற்பார், பெண்டாட்டி பிள்ளைகளோடு, பாத்திரம் பண்டத்தோடு. எல்லாருக்கும் நன்றாகப் புரிந்திருக்கும்.

"அதெல்லாம் முடியாது. எனக்கு நேரமில்லை. மோதினார் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி செஞ்சார், அவ்வளவுதான் சொல்லுவேன்."

கர்வம் பிடிச்ச ஆளா இருக்காரே என்று பின்னாலிருந்து ஒரு குரல், தணிந்துதான், ஆனால் ஸ்பீக்கர். முத்தவல்லியின் குரலில் கனம் திரும்பி வந்துவிட்டது. மனுஷன் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

"அப்போ சிக்கந்தரை நாங்க ஒண்ணும் சொல்லலை பாய். ஆனா உங்க நிரலை இனிமே எங்க பள்ளிவாசல்ல யாரும் தொட மாட்டாங்க. தப்பான நிரல்னு பக்கத்து ஜமாஅத்துகளுக்கும் சொல்லிடுவோம். வச்சிருக்கிறவங்க நிறுத்தட்டும். வருத்தப்படக் கூடாது."

ஜுலைகா தட்டை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக என் சாப்பாட்டை ஆறவைத்த நிரல் அது, அவளுக்கும் தெரியும். நான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

"பக்கத்து ஜமாஅத் மட்டும் போதாது" என்றேன். "மாவட்டம் பூரா சொல்லுங்க. அடுத்த மாவட்டத்துக்கும் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரியே சொல்லுங்க."